கோலுக்குப் பின்னால் ஒரு பதவி

மார்கழிக் காலை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில், டிரைவருக்கு இடது பக்கம் இன்ஜினை ஒட்டியிருக்கிற நீள சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மடியில் பழுதான ஆம்ப்ளிஃபயர். காலுக்கடியில் யாரோ ஏற்றிய சின்ன வெங்காய மூட்டை. பஸ் முழுக்க வெங்காய வாசம். அதற்கு மேல் மெல்லிசாகத் தைல வாசம்.

தைல வாசம் டிரைவரிடமிருந்து வந்தது. டிரைவர் துரைராஜ், எங்கள் வெண்புறா ஹாக்கிக் குழுவின் சென்டர் ஹாஃப். மைதானத்தின் நடுவில் நின்று, முன்னாலும் பின்னாலும் ஓடி, மொத்த ஆட்டத்தையும் தன் காலில் இழுத்துக்கொண்டு போகிற ஆள். என்னைவிட இளையவர்தான். ஆனாலும் ஐம்பது உயிரைச் சுமந்துகொண்டு ஸ்டியரிங் பிடிக்கிறவரை 'அவன்' என்று எழுத எனக்குக் கை வராது.

வழியில் ரோட்டிலேயே மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். பாதி ரோடு சோளத்துக்கு, மீதிப் பாதி பஸ்ஸுக்கு. துரைராஜ் கிளட்சை மிதிக்கப் போனார். கால் இறங்கவில்லை. இடது கையை எடுத்து இடது முழங்கால் மேல் வைத்து, சப்பாத்தி மாவை அழுத்துகிற மாதிரி ஓர் அழுத்து அழுத்தினார். கால் இறங்கியது. அப்புறம்தான் அந்தக் கை கியருக்குப் போனது.

அடுத்த கியருக்கும் அதேதான். முதலில் முழங்கால், பிறகு கியர். கண்டக்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

நான் பார்ப்பதைத் துரைராஜ் கண்ணாடியில் பார்த்துவிட்டார். "ஒண்ணுமில்லண்ணே. பனிக்கு அப்டித்தான் புடிக்கும். வெயில் ஏறுனா சரியாயிடும்."

வெயில் ஏறியது. அரியலூரும் வந்தது. சிமெண்ட் லாரிகள் கிளப்பிய புழுதிக்குள் பஸ் ஊர்ந்து போய் நின்றது. அதுவரைக்கும் அந்தக் கை முழங்காலுக்கும் கியருக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தது.

மைக் கட்டப் போனவன்

போன வாரம் இதே பக்கத்தில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் கடைக்கே வந்து, "ஊர்ல ஒங்கள ஹாக்கிக்காரர்ங்கிறாங்க, புஸ்தகத்துல மைக்செட்டுக்காரர்னு போட்டிருக்கீங்க, எதுங்க நெசம்?" என்று கேட்டார். இரண்டுமே நிஜம்தான். மைக் இல்லாவிட்டால் எனக்கு ஹாக்கி கிடையாது.

மீசை சரியாக முளைக்காத வயதில், குரும்பலூர்ப் பக்கம் ஒரு ஹாக்கி ஆட்டத்துக்கு மைக் கட்டப் போனேன். மரத்தில் ஏறி ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு இறங்கினால், கீழே ஒரே பேச்சுவார்த்தை. ஃபுல்பேக் ஆடவேண்டிய ஆள் மாடு பிடிக்கச் சந்தைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. யாரோ ஒருவர் என் கையில் ஸ்டிக்கைத் திணித்தார். "பந்து வந்தா தடு. வரலன்னா நில்லு" என்றார்.

எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். இத்தனை வருஷமாக அதைத்தான் பின்பற்றுகிறேன். அதிலும் 'நில்லு' என்கிற பகுதியை என் அளவுக்குச் செய்தவர்கள் இரண்டு மாவட்டத்திலும் இல்லை.

மாடு பிடிக்கப் போனவர் அப்புறம் வந்தார். நான்தான் இடத்தை விடவில்லை. ஆட்டம் இல்லாத நேரத்தில் மைக்கில் பேசினேன். ஆட்டம் இருக்கிற நேரத்தில் மைக் இல்லாமல் பேசினேன். குழுவுக்குச் செயலாளரும் ஆகிவிட்டேன்.

மைக்செட் தொழிலில் ஒரு லாபம் உண்டு. ஊர் ஊராகப் போய் ஆட்கள் பேசுவதைக் கேட்கலாம். பூலாம்பாடியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோது, நன்றி சொல்ல மைக் வாங்கிய தாய்மாமன் பந்தி நேரம் வரைக்கும் விடவில்லை. சமையல்காரர் கரண்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "மைக்கக் கையில குடுத்துட்டா மனுசனுக்குப் போற வழி மறந்துரும் தம்பி" என்றார். அன்றைக்குச் சிரித்துக்கொண்டு கேட்டேன். அது எனக்குச் சொன்னதென்று புரிய ரொம்ப வருஷம் ஆனது.

பதவி உயர்வு

இப்போது எங்கள் குழுவின் சட்டதிட்டத்தைச் சொல்ல வேண்டும். இது இல்லாமல் துரைராஜின் முழங்கால் விளங்காது.

எங்கள் பக்கம் ஒருவரைப் பார்த்து 'நீங்க போதும்' என்று சொல்கிற வழக்கம் கிடையாது. பந்தியில் சாப்பிடுகிறவர்தான் போதும் என்று கை காட்டி இலையை மூட வேண்டும். பரிமாறுகிறவர் அதைச் சொன்னால் சம்பந்தமே முறிந்துவிடும். இந்த மரியாதையை அப்படியே ஹாக்கிக்கும் கொண்டுவந்தோம். எந்தக் குழுவும் செய்யாத காரியம்.

முன்வரிசையில் ஓடுகிற ஒருவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தால், தலைவர் கலியமூர்த்தி அவரைத் தனியாக அழைத்துப் போவார். "இனிமே நீங்க பின்னால நின்னு நாலு பேருக்கு வழி காட்டணும்" என்பார். ஆள் ஒரு வரிசை பின்னால் வருவார். அங்கேயும் மூச்சு வாங்கினால் இன்னொரு வரிசை. ஃபார்வர்டாக இருந்தவர் ஹாஃப் ஆவார், ஹாஃப் ஃபுல்பேக் ஆவார், ஃபுல்பேக் கோல்கீப்பர் ஆவார். இதற்குப் பெயர் பதவி உயர்வு. வாங்கியவர் டீயும் வடையும் வாங்கித் தர வேண்டும்.

கலியமூர்த்தி இன்சூரன்ஸ் ஏஜென்ட். மனிதன் சாவதைக்கூட நல்ல செய்தி மாதிரி சொல்லத் தெரிந்தவர். அவருக்கு மட்டும் இந்தப் பதவி உயர்வு கிடையாது. தலைவர் பின்னால் போய் நின்றால் தலைவர் என்று எப்படித் தெரியும்? அதனால் அவர் நிரந்தரமாக முன்வரிசை.

இப்படி எல்லோரும் உயர்ந்து உயர்ந்து, முன்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், பின்னால் ஐந்து ஃபுல்பேக் என்று ஆகிவிட்டது. எங்களுக்கு எதிராகக் கோல் போடுவது கஷ்டம். கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் வரிசைக்குள் புகுகிற மாதிரி. நாங்கள் கோல் போடுவது அதைவிடக் கஷ்டம், ஏனென்றால் அந்தப் பக்கம் போக யாரும் இல்லை.

வரதராஜன்பேட்டைக் குழுவின் கேப்டன் சவரிமுத்து ஒரு தடவை இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் வியூகத்தைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச வருசத்துல கோலுக்குப் பின்னாலயும் ஆளு நிப்பாட்டுவீங்க போலருக்கே" என்றார். நாங்கள் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டோம்.

கோலில் நின்றவர் நாகலிங்கம் அண்ணன். உரக்கடை வைத்திருக்கிறார். எங்களில் மூத்தவர். கோல் போஸ்ட் ஓரத்தில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கும். பந்து நடுக்கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தால், "அண்ணே" என்று யாராவது குரல் கொடுப்போம். எழுந்துகொள்வார். மெதுவாகத்தான். ஆனால் அதற்குள் பந்து அவரிடம் வர வேண்டுமானால் ஐந்து பேரைத் தாண்ட வேண்டும் என்பதால் நேரம் இருந்தது.

ஆக, கோலில் நாகலிங்கம் அண்ணன். அவர் எழுந்தால் அந்த இடம் எனக்கு. நான் போனால் என் ஃபுல்பேக் இடம் துரைராஜுக்கு. அந்த இடத்துக்கு வந்துவிட்டால் அவர் ஓட வேண்டியதில்லை, நின்றால் போதும். ஆனால் அண்ணன் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. துரைராஜ் ஓடிக்கொண்டே இருந்தார். கேட்டால், "எடம் காலியில்லையேண்ணே" என்று சிரிப்பார்.

பத்தாண்டுத் திட்டம்

அந்த பஸ் பயணத்துக்கு முந்தின கார்த்திகையில், உரக்கடைக் கிடங்கில் யூரியா மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, குழுவின் எதிர்காலத்தைப் பற்றிக் கூட்டம் போட்டோம். கலியமூர்த்தி பத்தாண்டுத் தொலைநோக்குத் திட்டம் ஒன்று தயாரித்திருந்தார்.

"இப்ப நம்மகிட்ட இருக்கறது அனுபவம். இன்னும் பத்து வருசம் போனா இது ரெண்டு மடங்கா முதிர்வு அடையும்" என்று ஆரம்பித்தார். எல்லோரும் கைதட்டினோம். திட்டத்தின் சாரம், ஃபுல்பேக்குகளை ஐந்திலிருந்து ஆறாக உயர்த்துவது.

கிடங்கின் வாசலில் நின்றுகொண்டிருந்த பாலமுருகன், "அப்ப முன்னால யாருங்க போறது?" என்று கேட்டான்.

பாலமுருகன் எங்கள் இளைஞர் அணி. மொத்த இளைஞர் அணியும் அவன்தான். நாற்பதைத் தாண்டியவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், மீசையில் நரை. ஆட்டம் தவறாமல் வருவான். எலுமிச்சம்பழம் பிழிவான், இஞ்சி தட்டிப் போடுவான், ஐஸ் வாங்கி வருவான். ஒருநாளும் ஆடியதில்லை. அவனைப் பார்க்கும்போதெல்லாம் கலியமூர்த்தி முதுகில் தட்டி, "ஒனக்கு இன்னும் காலம் இருக்கு தம்பி" என்பார்.

அன்றைக்கும் அதைத்தான் சொன்னார். கூடவே டீ வாங்கி வரவும் சொன்னார்.

கூட்டம் பாதியில் இருக்கும்போது துரைராஜ் டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தார். படியில் இடது காலை ஊன்றாமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அத்தனை பேரும் பார்த்தோம். திட்டத்தில் அது எங்கேயும் வரவில்லை என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பொன்னாடை

வெளியில் வந்ததும் கலியமூர்த்தி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். நாகலிங்கம் அண்ணனைக் கௌரவமாக எழுப்ப ஒரு வழி இருக்கிறது, பொன்னாடை போர்த்திவிடலாம், மேடையில் பொன்னாடை போட்ட பிறகு எந்த மனிதனும் மறுநாள் அதே நாற்காலிக்கு வரமாட்டான் என்றார். நம் ஊர் அரசியலை அத்தனை வருஷம் பார்த்த மனிதர் எப்படி இந்த முடிவுக்கு வந்தார் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜவுளிக்கடையில் ஜரிகை போட்ட பொன்னாடை ஒன்று எடுத்தோம். கடைக்காரர் மடித்துக்கொண்டே, "ஆளு இருக்காரா, இல்ல போயிட்டாரா?" என்று கேட்டார். இருக்கிறார், அதுதான் பிரச்சினை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்ததும் விழா. என் மைக்தான். கலியமூர்த்தி போர்த்தினார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கை வாங்கினார். தன் அப்பா ஏர் ஓட்டியது, தான் நடந்தே பள்ளிக்கூடம் போனது, முதல் ஸ்டிக்கை வேலிக்கருவைக் கட்டையில் தானே வளைத்துச் செய்தது என்று ஒவ்வொன்றாக வந்தார். கடைசியில் குரல் தழுதழுக்க, "இவ்ளோ பிரியம் வச்சிருக்கற ஒங்கள விட்டுட்டு நான் எங்க போவேன்? ஒடம்புல உசிரு இருக்கற வரைக்கும் இந்தக் கோல்லதான் நிப்பேன்" என்றார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன். எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

இறங்கும்போது பொன்னாடையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த ஆளுக்கு ஆவும்." அது கிட் பையில், கோல்கீப்பர் காலில் கட்டுகிற பேடுகளுக்கு நடுவில் போய்ச் சேர்ந்தது. ஒரு மாதத்தில் பேடு வாசமும் தைல வாசமும் அதில் ஏறிவிட்டன.

கலியமூர்த்தி மனம் தளரவில்லை. போர்த்தியது தலைவர் என்பதால்தான் வேலை செய்யவில்லை, காணும் பொங்கல் ஆட்டத்தில் சிறப்பு விருந்தினரை விட்டுப் போர்த்தினால் வேலை செய்யும் என்றார். அதே ஆளுக்கு, அதே பொன்னாடை.

மல்லிகா கேட்டது

பொங்கலுக்குச் சில நாள் முன்னால், ஆட்டத்து நோட்டீஸ் கொடுக்கத் துரைராஜ் வீட்டுக்குப் போனேன். அவர் டூட்டியில் இருந்தார். அவர் மனைவி மல்லிகா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தது. என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடும். சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தது.

காபி வேண்டாம் என்றேன். போட்டுக் கொடுத்தது. நோட்டீஸைக் கொடுத்தேன். அதைப் படிக்காமல், ஜன்னல் ஓரத்தைக் காட்டியது. வரிசையாகத் தைல பாட்டில்கள். எல்லாம் காலி.

டாக்டர் சொன்னதை மெதுவாகச் சொன்னது. முழங்காலில் இன்னோர் அடி விழுந்தால் அப்புறம் மடக்க வராது. பஸ் முதலாளியும் பார்த்துவிட்டார். கிளட்ச் மிதிக்க முடியாதவனிடம் பஸ்ஸைக் கொடுக்க முடியாது, பொங்கலுக்குப் பிறகும் இப்படியே இருந்தால் வேறு டிரைவரைப் பார்ப்பேன் என்றிருக்கிறார். துரைராஜுக்கு ஸ்டியரிங் தவிர வேறு வேலை தெரியாது. மகள் நர்சிங் படிக்கிறது, இன்னும் பாதிப் படிப்பு பாக்கி.

நீ சொன்னால் கேட்க மாட்டாரா என்றேன்.

"சொல்லாமயாண்ணே இருப்பேன்? நான் நின்னுட்டா ஓடறதுக்கு யாரு இருக்காங்கறாரு. பின்னால போயி நில்லுங்கன்னா, எடம் காலியில்லங்கறாரு. தாசில்தார் ஆபீஸ் வேல மாதிரி பேசறாரு."

நான் பொன்னாடைத் திட்டத்தை விளக்கினேன். நாகலிங்கம் அண்ணன் எழுந்ததும் நான் கோலுக்குப் போவேன், நான் போனதும் துரைராஜ் என் இடத்துக்கு வருவார், எல்லாம் வரிசைப்படி நடக்கும் என்று சொன்னேன். மல்லிகா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்டது.

"அந்தப் பெரியவரு எந்திரிச்சாத்தான் நீங்க எந்திரிக்கணுமாண்ணே? நீங்க நேரா வூட்டுக்குப் போயிட்டா ஆவாதா?"

நான் செயலாளர் என்றேன். அது என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எப்படி இருக்கிறதென்று தெரிந்தது. மல்லிகா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

காணும் பொங்கல்

பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டமாக இருந்தது, பிரிந்தது, சேர்ந்தது, மறுபடி பிரிந்தது உங்களுக்குத் தெரியும். அதனால் ஜனங்களுக்கு என்ன ஆனதோ தெரியாது, எங்கள் நோட்டீஸுக்குத் தொந்தரவு. வரதராஜன்பேட்டை அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். மாவட்ட எல்லைக்கோட்டை அழித்தால் எங்கள் காணும் பொங்கல் ஆட்டம் உள்ளூர் ஆட்டம். கோட்டைப் போட்டால் அதே ஆட்டம், அதே ஆட்கள், 'மாவட்டங்களுக்கு இடையேயான மாபெரும் போட்டி'. கடைசியாகப் பிரித்தபோது கலியமூர்த்தி ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் காணும் பொங்கலுக்கு மைதானத்தைச் சுற்றி நல்ல கூட்டம். பிள்ளைகள் கையில் கரும்பு. செம்மண் வாசம். பெண்கள் ஒரு பக்கமாக வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மல்லிகாவும் இருந்தது. மடியில் பை. பைக்குள் என்ன என்று எனக்குத் தெரியும். புது தைல பாட்டில்.

எங்கள் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். துரைராஜ் முழங்காலில் உறை மாட்டி, அதன் மேல் இன்னோர் உறை மாட்டியிருந்தார். சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர். பொன்னாடையைக் கையில் கொடுத்ததும் மூக்கைச் சுளித்தார். ஆனாலும் வைத்திருந்தார்.

கலியமூர்த்தி எனக்குக் கண் காட்டினார். நான் மைக்கைப் பிடித்தேன்.

"வெண்புறா ஹாக்கிக் குழுவின் தூணாகவும் துணையாகவும் நின்று, இன்றோடு ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறும் மூத்த வீரர்..." என்றேன். நாகலிங்கம் அண்ணன் தலைமுடியைச் சரி செய்துகொண்டார். உதடு அசைந்தது. பேச்சைத் தயார் செய்கிறார். அந்தப் பக்கம் துரைராஜ் குனிந்து, உறை போட்ட முழங்காலைக் கையால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் பார்த்த அதே கை, அதே அமுக்கு.

"...மைக்செட் கோவிந்தன் அவர்களுக்கு" என்று முடித்தேன்.

கோவிந்தன் என்பது நான்தான்.

ஸ்பீக்கரில் என் பெயர் போய் மரத்தில் மோதித் திரும்பி வந்தது. வாத்தியார் கையில் பொன்னாடையோடு கலியமூர்த்தியைப் பார்த்தார். கலியமூர்த்தி என்னைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்காமல் அடுத்த அறிவிப்பைச் செய்தேன். பொன்னாடை போர்த்த வருமாறு, ஆட்டக்காரர் துரைராஜ் அவர்களின் துணைவியார் திருமதி மல்லிகா அவர்களை அன்போடு அழைக்கிறோம்.

மல்லிகா எழுந்தது. பையைப் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு, நேராக நடந்து வந்தது. வாத்தியார் கையிலிருந்து பொன்னாடையை வாங்கி உதறியது. பேடு வாசம் எனக்கே அடித்தது.

"குனிங்கண்ணே" என்றது. குனிந்தேன். போர்த்திவிட்டு, காதோரமாக, மைக்கில் விழாதபடி சொன்னது.

"பேச்சுகீச்சு ஒண்ணும் வேணாம். எறங்கிடுங்க."

ஏற்புரைக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்கோ நாக்கு நுனியில் அத்தனையும் வந்து நின்றது. மரத்தில் ஏறியது, மாடு பிடிக்கப் போனவர், பூலாம்பாடிச் சமையல்காரர், எல்லாம். ஆரம்பித்திருந்தால் முடிவு எனக்குத் தெரியும். 'இவ்வளவு பிரியம் வைத்திருக்கிற உங்களை விட்டு' என்று நானே சொல்லியிருப்பேன். கைதட்டல் வந்திருக்கும். அடுத்த நிமிஷம் ஸ்டிக்கோடு என் இடத்தில் போய் நின்றிருப்பேன்.

மைக்கை ஸ்டாண்டில் மாட்டினேன். இலையை மூடிவிட்டு இறங்கினேன்.

காலியிடம்

கலியமூர்த்தி ஓடி வந்தார். அன்றைக்கு அவர் ஓடியது அது ஒன்றுதான். செயற்குழுவில் வைக்காமல் யாரும் ஓய்வு பெற முடியாது என்றார். நாகலிங்கம் அண்ணன் வருத்தமாக, "எம் பொன்னாடைய அவன் போட்டுக்கிட்டானே" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து சவரிமுத்து, "வெயிலு ஏறுதுங்க, ஓய்வு குடுக்கறத அப்பறம் வச்சிக்கலாம், ஆட்டத்த ஆரம்பிங்க" என்றார்.

நான் துரைராஜிடம் போனேன்.

"எடம் காலியாயிருக்கு துரை."

அவர் என்னையும் பொன்னாடையையும் மாறி மாறிப் பார்த்தார். "நடுவுல யாருண்ணே ஓடுவா?" என்று மட்டும் கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். பாலமுருகன் வாளியில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தான். என் ஸ்டிக்கை அவனிடம் நீட்டினேன். கையை வேட்டியில் துடைத்தான். பிறகு வேட்டியை அவிழ்த்தான். உள்ளே டவுசரும் முழங்கால் வரை சாக்ஸும் போட்டிருந்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தான் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. மைக்கில் வர்ணனை செய்ய நான் இருந்தேன். வரதராஜன்பேட்டைக்காரர்கள் முதல் பாதியில் ஒரு கோல் போட்டார்கள். துரைராஜ் கடைசி வரிசையில் என் இடத்தில் நின்றார். ஒரு தடவை பந்தைப் பார்த்து உடம்பு தானாக முன்னால் பாய்ந்தது. வேப்பமரத்தடியிலிருந்து மல்லிகா எழுந்து நின்றது. அவ்வளவுதான். துரைராஜ் பின்னால் வந்து நின்றுகொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தன் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று மல்லிகா அப்புறம் சொன்னது.

இரண்டாம் பாதியில் பாலமுருகன் நடுவிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு போனான். முன்வரிசையில் நின்ற கலியமூர்த்தி, "எனக்குக் குடு, எனக்குக் குடு" என்று கேட்டார். கொடுக்கவில்லை. அவரையே சுற்றிக்கொண்டு போய் அடித்தான். கோலுக்குள் இருந்த பலகையில் டொக்கென்று சத்தம் கேட்டது.

எங்கள் குழு கோல் போட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. போட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது யாருக்கும் நினைவில்லை. நாகலிங்கம் அண்ணன்தான் முறை தெரிந்தவர். நாற்காலியிலிருந்து எழுந்து, பேடுகளோடு, மைதானத்தின் முழு நீளத்தையும் நடந்து போய், பாலமுருகனின் கையைப் பிடித்துக் குலுக்கி, முதுகில் தட்டி, "யாரு புள்ளப்பா நீ" என்று கேட்டார். அவர் திரும்பி நடந்து வந்துகொண்டிருக்கும்போது ஆட்டம் மறுபடி ஆரம்பித்து, சவரிமுத்து அடித்த பந்து அவரைத் தாண்டி, துரைராஜின் ஸ்டிக்கில் உரசி, யாரும் இல்லாத கோலுக்குள் போய்ச் சேர்ந்தது.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒன்றை ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

ஆலோசகர்கள்

அடுத்த கூட்டத்தில் கலியமூர்த்தி தொலைநோக்குத் திட்டத்தைத் திருத்திக்கொண்டு வந்திருந்தார். கோவிந்தன் ஓய்வு பெற்றதை வெறும் ஓய்வாகப் பார்க்கக் கூடாது, இது ஒரு புதிய பதவி, ஆலோசகர் என்று பெயர் வைக்கலாம், கோலுக்குப் பின்னால் நாற்காலி போடலாம் என்றார். கேட்ட மாத்திரத்தில் நாகலிங்கம் அண்ணன் எழுந்தார். தானே மூத்தவர் என்பதால் தலைமை ஆலோசகர் பதவி தனக்கே என்றார். பொன்னாடை, நாற்காலி, கூட்டம், கண்ணீர் எல்லாம் செய்யாததைப் பெயருக்கு முன்னால் வந்த அந்தத் 'தலைமை' செய்துவிட்டது. இரண்டு ஃபுல்பேக்குகள் துணை ஆலோசகர்களானார்கள், இன்னொருவர் அண்ணனின் கோலுக்கு உயர்ந்தார்.

இப்போது எங்கள் கோலுக்குப் பின்னால் வரிசையாக நாற்காலிகள். சவரிமுத்து கேட்டால் என்ன சொல்வாரோ என்று நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் முன்னால் இடம் காலியாகியிருக்கிறது. தன் வயசுப் பையன்கள் என்று பாலமுருகன் மூன்று பேரைக் கூட்டி வந்திருக்கிறான். மூவருக்கும் காதோரம் நரை. ஆனாலும் ஓடுகிறார்கள்.

நான் ஆலோசகர் நாற்காலியில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேசுவேன்.

சித்திரையில் மறுபடி ஒரு நாள் ஆம்ப்ளிஃபயரோடு அரியலூர் பஸ் ஏறினேன். அதே நீள சீட். இந்த முறை காலுக்கடியில் பலாப்பழம். ஸ்டியரிங்கில் துரைராஜ்தான். தைல வாசம் இல்லை, பழ வாசம் மட்டும். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"என்னண்ணே, பேசாம வர்றீங்க?"

"பேசுனா மறுபடி டீம்ல சேந்துருவேன் துரை."

கண்டக்டர் சிரித்துவிட்டார். முன்னால் ஒரு சிமெண்ட் லாரி திடீரென்று வேகத்தைக் குறைத்தது. துரைராஜின் இடது கால் கிளட்சில் இறங்கியது. நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முழங்கால் பக்கமே வராமல் நேராகக் கியருக்குப் போனது.